பாவம் வேறு, குற்றம் வேறு: தன்பாலீர்ப்பாளர்களும் கிறிஸ்தவ சபைகளும்

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் கேள்விப் பெட்டி வைப்பது பழைய வழக்கம். பெயர் எழுதாமல் ஒரு சீட்டில் கேள்வியை எழுதிப் போடலாம். கூட்டம் முடியும் நேரத்தில் போதகர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சீட்டில் பென்சிலால், "ஆணுக்கு ஆண்மேல் ஈர்ப்பு வருவது பாவமா?" என்று எழுதியிருந்தது. போதகர் அரைமணி நேரம் வசனங்களை எடுத்துப் பேசினார். அடுத்து வந்த சீட்டிலும் அதே பென்சில், அதே கையெழுத்து: "அப்படிப்பட்டவன் இந்தக் கூட்டத்துக்கு வரலாமா?" நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லி ஜெபித்து முடித்தார். அடுத்த வாரம் அந்தச் சீட்டு எடுக்கப்படவில்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சீட்டைப் பற்றியது.

கிறிஸ்தவமும் தன்பாலீர்ப்பும் என்று பேச்சு வந்தவுடனே முதல் கேள்வியிலேயே எல்லோரும் நின்றுவிடுகிறோம். பாவமா, இல்லையா? அதற்குக் கிடைக்கும் பதிலே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த மனிதரை நாடு எப்படி நடத்த வேண்டும், சிறையில் அடைக்கலாமா, வேலையை விட்டு அனுப்பலாமா, வீட்டை விட்டுத் துரத்தலாமா, ஆலயத்தில் உட்கார இடம் கொடுக்க வேண்டுமா என்பவை தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு "ஆம், பாவம்தான்" என்று ஒரே குரலில் பதில் சொன்ன சபைகள்கூட, இந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான பதில்களைச் சொல்லியிருக்கின்றன. இது புரிந்தால் செய்தித்தாளில் வரும் பாதிக் குழப்பம் தெளிந்துவிடும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தன் பாலினத்தவர் மேலேயே காதலும் ஈர்ப்பும் கொள்பவர்களைத் தன்பாலீர்ப்பாளர்கள் என்கிறோம். ஈர்ப்பு என்பது ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொள்வது இல்லை. செயல் என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை உட்படப் பல சபைகள் தங்கள் போதனையிலேயே வைத்திருக்கின்றன. ஈர்ப்பு இருப்பதே பாவம் என்று அவை சொல்வதில்லை. செயலைத்தான் பாவம் என்கின்றன. செயலும் பாவம் இல்லை, உண்மையுள்ள இருவரின் வாழ்வு ஆசீர்வதிக்கப்பட வேண்டியதே என்று சொல்லும் சபைகளும் இன்று உண்டு. சுவீடன் திருச்சபை 2009 முதல் ஒரே பாலினத்தவரின் திருமணத்தை ஆலயத்திலேயே நடத்துகிறது.

வசனங்களைப் பற்றிச் சுருக்கமாக. லேவியராகமத்தில் இரண்டு இடங்கள், ரோமர் முதலாம் அதிகாரம், 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரம், 1 தீமோத்தேயு முதலாம் அதிகாரம், ஆதியாகமத்தின் சோதோம் கதை ஆகியவையே வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் பகுதிகள். சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16:49 வெளிப்படையாகவே சொல்கிறது. கெர்வமும் ஆகாரத் திரட்சியும் அங்கே முன்னால் நிற்கின்றன. "சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை" என்று அந்த வசனம் முடிகிறது. 1 கொரிந்தியர் 6:9-ல் வரும் ஒரு கிரேக்கச் சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "சுயபுணர்ச்சிக்காரர்" என்று எழுதியிருக்கிறது. வேறு மொழிபெயர்ப்புகள் அதே சொல்லை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. வேத அறிஞர்கள் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த விவாதம் முக்கியமானது, ஆனால் அது முதல் சீட்டுக்கு உரியது.

இரண்டாவது சீட்டுக்குப் பதில் தேடும்போது கிறிஸ்தவச் சிந்தனையில் மிகப் பழைய ஒரு வேறுபாடு உதவுகிறது. பாவம் என்பது ஒருவருக்கும் கடவுளுக்கும் இடையே உள்ளது. குற்றம் என்பது ஒருவருக்கும் நாட்டுக்கும் இடையே உள்ளது. பொறாமை பாவம். பொய் பாவம். தாய் தகப்பனை மதிக்காமல் இருப்பது பாவம். இவற்றுக்காக யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லை. மனிதர் இயற்றும் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடை செய்ய வேண்டியதில்லை, கொலை திருட்டு போல மற்றவர்களுக்குக் கேடு செய்து சமுதாயத்தையே நிலைகுலையச் செய்யும் கொடிய தீமைகளைத் தடுப்பதே அதன் முதன்மையான வேலை என்று 13-ம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். தன்பால் உறவைப் பெரிய பாவம் என்று கருதியவர்தான் அவர். அவர் கொடுத்த அளவுகோல் பின்னால் வந்தவர்களுக்கு அவரே நினைத்திராத வழியில் பயன்பட்டது.

இங்கிலாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டுச் சட்டத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. அங்கே நெடுங்காலம் தன்பால் உறவு சபை நீதிமன்றங்கள் விசாரிக்கும் விஷயமாக இருந்தது. 1533-ல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அது அரசனின் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது, தண்டனை மரணம். 1835-ல் லண்டன் நியூகேட் சிறைவாசலில் இரண்டு பேர் இதற்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். இங்கிலாந்தில் இந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதர்கள் அவர்கள். 1861-ல் மரண தண்டனை நீங்கியது, சிறை நீங்கவில்லை. 1860-ல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு, 1883-ல் இலங்கைக்கு வந்த 365-ம் பிரிவு, 1938-ல் சிங்கப்பூரில் சேர்க்கப்பட்ட 377ஏ என இந்த உறவைக் குற்றமாக்கிய மூன்றும் ஆங்கிலேயர் ஆட்சி தந்தவை. "நம் பண்பாட்டுச் சட்டம்" என்று இவற்றைச் சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கப்பலில் வந்த சட்டம் இது.

1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கைதுகள் பெருகின. கணிதமேதை ஆலன் டூரிங் 1952-ல் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் போகாமல் இருக்க ஹார்மோன் சிகிச்சைக்குச் சம்மதித்த அவர், 1954 ஜூனில் இறந்துபோனார். இந்தக் காலத்தில்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்கநலக் குழு ஒரு காரியம் செய்தது. டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற குருவானவரின் முயற்சியில் 1954-ல் ஒரு சிறு அறிக்கையை வெளியிட்டது. தன்பால் உறவு பாவமே என்று அந்த அறிக்கை சொன்னது. அடுத்து, வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் செய்வதைச் சட்டம் தண்டிப்பது அநியாயம், அந்தச் சட்டத்தை நீக்க ஆலோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதை எழுதியவர்கள் கட்சிக்காரர்களும் அல்லர், போராட்டக்காரர்களும் அல்லர். ஆலோசனை கேட்டுத் தங்களிடம் வந்த மனிதர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு மனம் கனத்துப்போனவர்கள்.

அதே ஆண்டு அந்தச் சட்டத்தை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் ஜான் வொல்ஃபெண்டன். குழுவில் ஓர் ஆங்கிலிக்கன் குருவானவரும் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகரும் இருந்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையும் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் கிரிஃபின் அமைத்த ஆலோசனைக் குழுவும் தங்கள் கருத்துகளைக் கொடுத்தன. இரு தரப்பும் போதனையில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை, இரு தரப்பும் சிறைத்தண்டனை வேண்டாம் என்றன. சட்டம் இருப்பதால் யாரும் திருந்தவில்லை, மிரட்டிப் பணம் பறிப்பவர்கள்தான் பிழைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உன் ரகசியத்தைப் போலீஸில் சொல்லிவிடுவேன் என்று ஒருவன் மாதாமாதம் பணம் கேட்டால், அவனைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் புகார் கொடுத்தவரே சிறைக்குப் போவார். 1957 செப்டம்பரில் குழு அறிக்கை வெளியிட்டது. தனிமனித ஒழுக்கத்தில் சட்டம் தலையிடக் கூடாத பகுதி ஒன்று உண்டு என்பது அதன் மையமான முடிவு. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கான்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் அதை ஆதரித்தார். அறிக்கை சட்டமாக மாறப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

ஃபிஷருக்குப் பின் வந்த பேராயர் மைக்கேல் ராம்சி 1965-ல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் எழுந்து பேசினார். இந்தச் செயல்கள் எப்போதும் தவறானவை என்று அவர் தெளிவாகச் சொன்னார். எல்லாப் பாவங்களையும் குற்றங்களாக்குவது சரியல்ல என்றும் அதே பேச்சில் சொல்லி, சட்டத்திருத்தத்துக்கு ஆதரவாக நின்றார். நிம்மதியாகப் பேசாமல் இருந்திருக்கலாம். பேசியதால் வசைக் கடிதங்கள் குவிந்தன. 1967 ஜூலை 27 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயதைக் கடந்த ஆண்கள் தனிமையில் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று சட்டமானது. தன் நம்பிக்கையை ஒரு எழுத்துகூட மாற்றாத ஒரு பேராயர், தன்னோடு ஒத்துப்போகாதவரின் சுதந்திரத்துக்காக நின்ற அந்த நாள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இன்றைக்கு நம்மிடையே அது அபூர்வம்.

ஆனால் கிறிஸ்தவர்கள் எல்லோரும் அப்படி நிற்கவில்லை. ஸ்காட்லாந்துத் திருச்சபை வொல்ஃபெண்டன் அறிக்கையை எதிர்த்தது. அங்கே சட்டம் மாற 1980 ஆயிற்று. வட அயர்லாந்தில் இயன் பெய்ஸ்லி என்ற போதகர் 1977-ல் "அல்ஸ்டரைச் சோதோமிடமிருந்து காப்பாற்றுங்கள்" என்ற முழக்கத்தோடு கையெழுத்து இயக்கமே நடத்தினார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1981-ல் தீர்ப்பளித்த பிறகுதான், 1982-ல் அங்கே சட்டம் மாறியது. ஜெர்மனியில் நிலைமை இன்னும் கொடியது. நாஜி முகாம்களில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்த சட்டையோடு வதைபட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்குப் போர் முடிந்த பிறகும் விடிவு வரவில்லை. 1957 மே மாதம், அதாவது வொல்ஃபெண்டன் அறிக்கைக்கு நான்கு மாதம் முன்னால், மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்களைத் தண்டித்த அதே 175-ம் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்குக் காட்டிய காரணங்களில் கிறிஸ்தவ சபைகளின் ஒழுக்கப் போதனையும் ஒன்று. ஒரே ஆண்டு, ஒரே வேதம், வட கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பதில், அந்தப் பக்கம் வேறு பதில்.

கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனையை 1992-ல் வெளிவந்த மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரையுள்ள எண்களில் பார்க்கலாம். அந்தச் செயல்கள் ஒழுங்குக்கு மாறானவை, அவற்றை ஏற்க முடியாது என்கிறது அது. அடுத்த எண்ணிலேயே, இவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் எந்தச் சாயலும் கூடாது என்கிறது. புதிதாக வாசிப்பவர்கள் இங்கே "அநியாயமான" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் நியாயமான பாகுபாடு என்று ஒன்று உண்டா? உண்டு என்றுதான் அதே 1992-ல் வத்திக்கான் விளக்கம் கொடுத்தது. பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பது, ஆசிரியர் நியமனம், ராணுவத்தில் ஆள் எடுப்பது போன்றவற்றில் ஒருவரின் பாலீர்ப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வது அநியாயம் ஆகாது என்றது. நல்ல ஆசிரியர் ஒருவர் இந்தக் காரணத்துக்காக வேலையை இழப்பதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. ஆனால் போதனையின் உள்ளே இருக்கும் இந்த இழுபறியைத் தெரிந்துகொள்ளாமல் வத்திக்கானின் செய்திகளைப் புரிந்துகொள்ள முடியாது.

சிறை விஷயத்தில் மட்டும் வத்திக்கான் படிப்படியாகத் தெளிவான இடத்துக்கு வந்திருக்கிறது. 2008 டிசம்பரில் ஐ.நா. சபையில், இவர்களுக்கு எதிரான தண்டனைச் சட்டங்களை நாடுகள் கைவிட வேண்டும் என்று அதன் பிரதிநிதி சொன்னார். 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ் ஏ.பி. செய்தி நிறுவனத்துக்குக் கொடுத்த பேட்டியில், தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமல்ல என்றார், பாவத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பாருங்கள் என்றார், இத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்களுக்கு மனமாற்றம் தேவை என்றார். மனமாற்றம் என்ற சொல்லை அவர் யாரை நோக்கித் திருப்பினார் என்று பாருங்கள். சில நாட்களில், பிப்ரவரி 5 அன்று, தென் சூடானிலிருந்து திரும்பும் விமானத்தில் ஒரு நிருபர் இதே கேள்வியைக் கேட்டார். போப்புடன் கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியும் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தலைவர் இயன் கிரீன்ஷீல்ட்ஸும் இருந்தார்கள். மூவரும் இத்தகைய சட்டங்களைக் கண்டித்தார்கள். அன்று வொல்ஃபெண்டன் அறிக்கையை எதிர்த்த சபையின் தலைவர், நான்கு சுவிசேஷங்களிலும் இயேசு யாரையும் திருப்பி அனுப்பியதை நான் வாசித்ததில்லை என்றார்.

இனி ஆங்கிலிக்கன் உலகம், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையை மூலமாகக் கொண்ட சபைகளின் ஐக்கியம். தென்னிந்தியத் திருச்சபையும் அந்த ஐக்கியத்தில் ஓர் அங்கம் என்பதால், சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்களுக்கு இது வீட்டு விஷயம். 1998-ல் இந்த ஐக்கியத்தின் உலக மாநாடான லாம்பெத் மாநாட்டில் கூடிய பேராயர்கள், தன்பால் உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்மானத்தில், பாலீர்ப்பு எதுவாக இருந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற விசுவாசிகள் கிறிஸ்துவின் சரீரத்தின் முழு அங்கத்தினர் என்றும், அவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம் என்றும் இருப்பதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. 2016-ல் தலைமைப் பேராயர்கள் கூடி, தண்டனைச் சட்டங்களை ஏற்பதில்லை என்று மறுபடியும் சொன்னார்கள்.

ஆனாலும் உகாண்டாவில் நடந்தது வேறு. 2009 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்காட் லைவ்லி என்ற போதகரும் வேறு சிலரும் கம்பாலாவில் ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் குடும்பங்களை அழிக்க வந்தவர்கள் என்பது அங்கே பேசப்பட்டவற்றின் சாரம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் மரண தண்டனையோடு ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2014-ல் மரண தண்டனை நீக்கப்பட்டு அது சட்டமானது. போதிய உறுப்பினர் இல்லாமல் நிறைவேறியது என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 மே மாதம் புதிய சட்டம் வந்தது: உறவுக்கு ஆயுள் தண்டனை, அது "கடுமையானது" என்று வகைப்படுத்தும் சில நிலைகளில் மரணம். உகாண்டா ஆங்கிலிக்கன் பேராயர் ஸ்டீபன் காசிம்பா சட்டத்தை வரவேற்றார். மரணத்துக்குப் பதில் ஆயுள் தண்டனை போதும் என்பதே அவர் சொன்ன மாறுபாடு. வெல்பி ஜூன் மாதம் அவருக்குத் தன் துயரத்தையும் அதிர்ச்சியையும் தெரிவித்து எழுதினார். இருவரும் அப்போது ஒரே ஐக்கியத்தின் பேராயர்கள். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ற லாம்பெத் தீர்மானம் இருவருக்கும் பொது. அவர்களைப் பிரித்தது இரண்டாவது சீட்டு.

நம் நாட்டிலும் சபைகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ம் பிரிவின் கடுமையைக் குறைத்தபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சிலும் அப்போஸ்தல சபைகளின் கூட்டணியும் இருந்தன. மற்ற மத அமைப்புகளோடு அவை தோள் சேர்ந்து நின்றன. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அப்போது மும்பை பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், கத்தோலிக்கத் திருச்சபை இவர்களை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை, குற்றப்பட்டியலிலிருந்து நீக்குவதை எதிர்த்ததும் இல்லை என்றார். ஒரே பாலினத் திருமணத்தை எதிர்க்கிறோம் என்பதையும் சேர்த்தே சொன்னார். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பிரிவைத் தளர்த்தினார்கள். 2023 அக்டோபரில் திருமண உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்தது. சிங்கப்பூர் 2022 நவம்பரில் 377ஏ-யை நீக்கியது, திருமணத்தின் இன்றைய வரையறையை நீதிமன்றத்தில் மாற்ற முடியாதபடி அரசியல் சாசனத்தையும் அதே நாளில் திருத்தியது. அங்குள்ள சபைகள் பலவும் வற்புறுத்திக் கேட்டது இந்தப் பாதுகாப்பைத்தான். இதிலிருந்து ஒன்றைக் கவனிக்கலாம். சிறை, வேலை, திருமணம், குருத்துவம் என்பவை வேறு வேறு படிகள். ஒரு சபை முதல் படியில் ஒரு பக்கமும் மூன்றாம் படியில் இன்னொரு பக்கமும் நிற்கலாம். "சபை எதிர்க்கிறது" என்று யாராவது சொன்னால், எந்தச் சபை, எந்தப் படியில் என்று கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், நம் பிள்ளைகளை வாட்டுவது பெரும்பாலும் சட்டம் இல்லை, வீடும் சபையும்தான். பையனோ பெண்ணோ வாய்திறந்து சொன்ன மறுநாளே தொடங்கிவிடும்: உபவாச ஜெபம், விடுதலை ஜெபம், தலையில் கைவைத்து ஆவியைத் துரத்துதல், அவசர அவசரமாகப் பெண் பார்த்தல். எங்கள் தெருவில் ஒரு தாய் நாற்பது நாள் உபவாசம் இருந்தார். தன் மகன்மேல் அவருக்கு இருந்த அன்பை நான் சந்தேகப்படவே மாட்டேன். ஆனால் அந்த நாற்பது நாளும் மகன் மாடி அறையில், கீழே தன் பெயரைச் சொல்லி அழும் குரலைக் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

ஜெபத்தாலும் ஆலோசனையாலும் ஈர்ப்பை மாற்றிவிடலாம் என்று நம்பி உலக அளவில் இயங்கிய பெரிய கிறிஸ்தவ அமைப்பு எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். 1976-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 2013 ஜூனில் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாங்கள் ஏற்படுத்திய வலிக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், அமைப்பையும் மூடினார். தாங்கள் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அவரே அதற்கு முன்பு ஒப்புக்கொண்டிருந்தார். இங்கே 2021 ஜூனில், மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத்தால் "மாற்றும்" முயற்சிகளுக்குத் தடை விதித்தார். இந்த விஷயத்தில் தனக்கும் முன்முடிவுகள் உண்டு என்று திறந்த நீதிமன்றத்தில் சொல்லி, தீர்ப்பெழுதும் முன்பு ஒரு உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டவர் அவர். நம் போதகர்களில் எத்தனை பேர் அப்படிக் கேட்கத் தயார்? ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையைக் கூனிக்குறுக வைக்கும் ஜெபம் யாரை நோக்கிச் செய்யப்படுகிறது என்பதே என் கேள்வி.

"பாவத்தை வெறு, பாவியை நேசி" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நேசிப்பது என்றால் என்ன என்பதற்கு அளவுகோல் வேண்டாமா? கோபக்காரரும் வட்டிக்கு விடுபவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இந்த ஒருவரை மட்டும் பாடகர் குழுவிலிருந்து நீக்கினால் அது நேசமா? எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே உலகம் பயந்த 1985-ல், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அன்னை தெரசா நியூயார்க்கில் அவர்களுக்காக ஓர் இல்லத்தைத் திறந்தார். திருச்சபையின் போதனையை மாற்ற வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. படுக்கை விரித்துக் கொடுத்தார்.

ஒரு சபை ஒரு மனிதரை எப்படி நடத்துகிறது என்பது அடக்க ஆராதனையில் தெரிந்துவிடும். ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா என்ற பயம் நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். உகாண்டாவில் டேவிட் கட்டோ என்ற ஆசிரியர், தன்பாலீர்ப்பாளர் உரிமைகளுக்காக வெளிப்படையாகப் பேசியவர். 2010 அக்டோபரில் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை தன்பாலீர்ப்பாளர்கள் என்று பலரின் படங்களைப் பெயரோடு வெளியிட்டு, "தூக்கிலிடுங்கள்" என்று தலைப்புப் போட்டது. அவர் படமும் அதில் இருந்தது. வழக்குப் போட்டு 2011 ஜனவரி தொடக்கத்தில் வென்றார். அதே மாதம் 26-ம் தேதி தன் வீட்டில் சுத்தியலால் அடித்துக் கொல்லப்பட்டார். பாலீர்ப்பு காரணமல்ல என்றது காவல்துறை. கொன்றவனுக்கு 30 ஆண்டு சிறை கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து, அவர் பிறந்த ஊரில் அடக்கம். ஆராதனைக்கு வந்த ஆங்கிலிக்கன் குருவானவர் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சோதோம் கொமோராவைப் பற்றிப் பேசத் தொடங்கினார், மனந்திரும்புங்கள் என்று கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சத்தமிட்டார். கட்டோவின் நண்பர்கள் ஒலிபெருக்கியைப் பறித்தார்கள். கைகலப்பானது. பிரசங்கியார் போய்விட்டார். ஊர்க்காரர்கள் பெட்டியைத் தூக்க மறுத்தார்கள். கட்டோவின் முகம் அச்சிட்ட சட்டைகளைப் போட்டிருந்த நண்பர்கள் தாங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழிக்கு நடந்தார்கள்.

அங்கே ஒரு முதியவர் அவர்களோடு இருந்தார். கிறிஸ்டோபர் சென்யோன்ஜோ, மேற்கு புகாண்டாவின் முன்னாள் பேராயர், மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர். 2001 முதல் தன்பாலீர்ப்புள்ள இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்லிவந்தார், அவர்களைக் கைவிட மறுத்தார். அவருடைய சபை அவரைப் பேராயர் பணிகளிலிருந்து விலக்கியிருந்தது. சபையின் அனுமதி இல்லாமல் அவர் குழியின் ஓரத்தில் நின்று ஜெபித்து, டேவிட் கட்டோவை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தார்.